நீதிபதி பார்க்காமல் கைபேசியைத் திறக்கலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பூட்டிய கைபேசிகளுக்கு முன் போலீசார் திணறுவது உண்மைதான். அதற்காக எல்லாக் கைபேசிகளிலும் அரசுக்கென ஒரு ரகசிய வழி வைக்க வேண்டும் என்பதை ஏற்க முடியாது. ஒரு வயலுக்காகக் காவிரிக் கரையில் வெட்டிய உடைப்பு அந்த வயலோடு நிற்காது. 2016இல் அமெரிக்காவின் சான் பெர்னார்டினோ துப்பாக்கிச்சூட்டு வழக்கில், சுட்டவரின் கைபேசியைத் திறக்க அப்படியொரு வழி தரும் மென்பொருளை எழுதித்தர ஆப்பிள் மறுத்தது. பிறகு அந்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. வெளியார் உதவியுடன் அந்த ஒரு கைபேசியை மட்டும் திறந்தது.

இங்கே மன்னார்குடிப் பக்கத்து விவசாயி ஒருவரின் கைபேசியில் என்னதான் இல்லை? நெல் கொள்முதலுக்கான பதிவு, சிட்டா நகல், நகைக்கடன் ரசீதின் படம், மகளின் பிரசவ ஸ்கேன், வாய்க்கால் தூர்வாரவில்லை என்று சங்கக் குழுவில் கொட்டிய கோபம். அத்தனையும் ஒரே திரைக்குள்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆவது பிரிவின்படி, மறையாக்கத்தை (தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் முறையை) விலக்கிக் காட்டச் சொல்லும் உத்தரவை உள்துறைச் செயலாளரே பிறப்பிக்கிறார். அதை மறுஆய்வு செய்யும் குழுவிலும் அரசுச் செயலாளர்களே அமர்கிறார்கள். கேட்பவரும் அரசு, சரிபார்ப்பவரும் அரசு! எந்த ஊர் நியாயம் இது?

இந்த அதிகாரம் நீதிபதியிடம் செல்ல வேண்டும். உத்தரவு ஒரு கைபேசிக்கு, ஒரு வழக்குக்கு மட்டுமே பொருந்த வேண்டும். வழக்குக்குத் தொடர்பில்லாத படங்களையும் உரையாடல்களையும் நகலெடுக்கத் தடை வேண்டும். வரும் கூட்டத்தொடரிலேயே டெல்டா எம்.பி.க்கள் இதற்கான சட்டத் திருத்தத்தைக் கேட்க வேண்டும்.

– ஒரு வாசகர், மன்னார்குடி