மார்ச் 19-க்குள் போய்ச் சேர வேண்டிய தபால்

அம்பாசமுத்திரம்,
11.01.2026, ஞாயிறு.

அன்புள்ள தம்பிக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். உன் சுகம் அறிய ஆவல். ஆச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வாசலில் போகிறவர்களை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்தி வைத்துப் பேசுகிறாள். கொல்லையில் வாழை குலை தள்ளியிருக்கிறது, பொங்கலுக்குத் தேறாது. அக்கா நாளை மறுநாள் பிள்ளைகளோடு வருகிறாள். அவள் மகள் இந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்து உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். காகிதம் ஸ்பீட் போஸ்டில் பின்னால் வரும். வந்ததும் பத்திரமாக எடுத்து வை. எதற்கென்று கடைசியில் சொல்கிறேன்.

இன்னும் நிறையச் செய்தி இருக்கிறது, அம்மா சொல்லி அனுப்பியதும் இருக்கிறது. ஆனால் உன் முதுகு ஆபரேஷனில் நடந்த தப்புக்கு அமெரிக்காவில் நீ மனுக் கொடுக்கக் கடைசி நாளான மார்ச் 19 என்ற தேதி மண்டைக்குள் இருந்துகொண்டு வேறு எதையும் எழுத விடமாட்டேன் என்கிறது. இன்றைக்கு எண்ணினால் 67 நாள்.

தீபாவளிக்குப் பிறகு உன் குரலைக் கேட்கவில்லை. அனுப்புகிற செய்திக்கு இரண்டு நீலக் கோடு மட்டும் விழுகிறது. சாயங்காலம் ஆனால் உன் அம்மா 'கோடு நீலமாச்சா' என்று கேட்டுவிட்டுத்தான் விளக்கேற்றப் போகிறாள். பெற்றவளை இப்படி வைத்திருக்கலாமா? ஒரு வரி, 'சாப்பிட்டேன்' என்று ஒரு வார்த்தை போட்டால் விரல் தேய்ந்துவிடுமா? உன்மேல் கோபம் இல்லை என்று எழுத எனக்கு வரவில்லை. இருக்கிறது.

ஆலப்புழைப் பையன் போன வாரம் போன் பண்ணினான். அவனை ஒன்றும் சொல்லாதே. இரண்டு தடவை வந்து கதவைத் தட்டினானாம், கார் நிற்கிறதாம், நீ திறக்கவில்லையாம். அவன் நல்ல பையன். நீ அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறாயே அந்த இரும்புப் பெட்டி, அதைக் கொஞ்ச நாளைக்கு அவன் வீட்டில் வைத்திருக்கட்டும். நான் கேட்கிறேன் என்பதற்காகக் கொடுத்துவிடு. அப்புறம், 988 என்று அடித்து 1-ஐ அழுத்தினால் உன்னைப்போல் அமெரிக்கப் பட்டாளத்தில் இருந்தவர்களோடு பேசுவதற்கென்றே ராத்திரி பகல் ஆள் இருக்கிறார்களாம். நம்பர் கையில் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கீழத்தெரு வாத்தியார் மகள், மதுரை பெஞ்சில் வக்கீலாக இருக்கிறாளே, அவள் கார்த்திகைக்கு ஊருக்கு வந்தபோது உங்கள் ஊர்ச் சட்டத்தையும் அந்தப் படிவத்தையும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். ஸ்டாண்டர்டு ஃபார்ம் 95. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாலு ஞாயிற்றுக்கிழமை படித்தேன். கோர்ட் காகிதம் எந்த நாட்டில் எழுதியிருந்தாலும் எனக்குக் கொஞ்சம் பிடிபடும்.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் டாக்டர் தப்புச் செய்தால் அங்கே டாக்டர்மேல் வழக்கு இல்லை, அமெரிக்க சர்க்கார்மேல்தான். 1946-இல் வந்த சட்டம். நேரே கோர்ட்டுக்கும் போக முடியாது. முதலில் ஆஸ்பத்திரியை நடத்துகிற துறைக்கு அந்தப் படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். நம் ஊரில் சர்க்கார்மேல் தாவா போடுமுன் 80-ஆம் பிரிவு நோட்டீஸ் விடுவோமே, அதுபோல. இங்கே இரண்டு மாதம் காத்திருக்கிறோம், அங்கே ஆறு மாதம். அவர்கள் மாட்டேன் என்று பதிவுத் தபால் அனுப்பினால், அனுப்பிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஃபெடரல் கோர்ட்டுக்குப் போக வேண்டும். ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டால் அதையே மறுப்பு என்று வைத்துக்கொண்டு போகலாம். ஜூரி கிடையாது, ஜட்ஜ் ஒருவர்தான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த முதல் படிவம் இரண்டு வருஷத்துக்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். சேர்ந்தாக வேண்டும் என்றுதான் சொல்கிறேன். 19-ஆம் தேதி தபாலில் போட்டேன் என்றால் செல்லாது, அவர்கள் கையில் கிடைத்திருக்க வேண்டும். ஆகையால் மார்ச் 19 என்பதை மறந்துவிடு. பிப்ரவரி 10 என்று வைத்துக்கொள். ஒப்புகைச் சீட்டோடு அனுப்பு. எல்லாவற்றுக்கும் நகல் வை.

31 வருஷம் பிராது வாங்கிய கை இது. கோர்ட் சிரஸ்தார் மேஜையில் நான் முதலில் பார்ப்பது லிமிடேஷன் பத்தியைத்தான், பிராது கெடுவுக்குள் வந்ததா என்று. ஒரு நாள் தாண்டினாலும் சிவப்பு மையில் எழுதித் திருப்பிவிடுவேன். வயல் போனவன், வீடு போனவன் எல்லாம் வராந்தாவில் நின்று அழுதிருக்கிறார்கள். நியாயம் அவர்கள் பக்கம் இருந்தது எனக்குத் தெரியும். கோர்ட்டில் ஏற்று நம்பர் போடாத பிராதுக்கு நியாயம் இருந்து என்ன பண்ண?

உங்கள் ஊரிலும் அப்படித்தான். கூப்ரிக் என்று ஒருவர், உன்னைப்போல் பட்டாளத்தில் இருந்தவர். 1968-இல் பென்சில்வேனியாவில் உங்கள் பட்டாளத்தார் ஆஸ்பத்திரியைப் போன்ற ஒன்றில் தொடை எலும்பில் இருந்த சீழுக்கு நியோமைசின் என்ற மருந்தை விட்டுக் கழுவியிருக்கிறார்கள். காது கேட்காமல் போனது. 1969 ஜனவரியில் ஒரு டாக்டர் 'அந்த மருந்தால்தான் இருக்கும்' என்று சொல்லிவிட்டார். அந்த மருந்தைப் போட்டதே தப்பு என்று இன்னொரு டாக்டர் சொன்னது 1971-இல். மனுஷன் 1972-இல் வழக்குப் போட்டார். கீழ்க் கோர்ட்டு 3 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. 1979-இல் சுப்ரீம் கோர்ட்டு அதைத் தள்ளிவிட்டது. காயமும் காரணமும் தெரிந்த அன்றே கெடு ஓட ஆரம்பித்துவிட்டது, டாக்டர் செய்தது தப்பு என்று தெரியும்வரை அது காத்திருக்காது என்றார்கள். இதைப் படித்த ராத்திரி நான் தூங்கவில்லை. உனக்கோ காயமும் காரணமும் மறுநாளே தெரியும்.

அந்த ஆஸ்பத்திரியில் குறைகேட்கும் அம்மாளிடம் சொன்னேன், எழுதி வைத்துக்கொண்டார்கள் என்றாயே, அது கணக்கில் வராது. மாதப் பென்ஷன் கேட்டு எழுதுவதும் இதற்குப் பதிலாகாது. ஆனால் அதையும் எழுது. 1151-ஆம் பிரிவு. ஆஸ்பத்திரியின் தவறால் வந்த ஊனத்தைப் பட்டாளத்தில் வந்த ஊனத்தைப்போலவே வைத்துக் காசு கொடுக்கிறார்கள், அதற்குக் கெடு இல்லை. கார்ட்னர் என்று கொரியாப் போருக்குப் போனவர், அவருக்கும் உன்னைப்போல் முதுகு டிஸ்க் ஆபரேஷன், அவருக்கும் இடது காலில்தான் பலவீனம். அவர் 1994-இல் சுப்ரீம் கோர்ட்டு வரை போய் ஜெயித்தார். அதற்குப் பிறகு சட்டத்தை இறுக்கிவிட்டார்கள், இப்போது ஆஸ்பத்திரியின் கவனக்குறைவையோ, எதிர்பார்க்க முடியாத ஒன்று நடந்ததையோ காட்ட வேண்டும். வழக்கில் பணம் வந்தால் அது கழியும்வரை மாதப் பணத்தை நிறுத்தி வைப்பார்கள். இரண்டும் வேறு வேறு வாசல். கெடு இருக்கிற வாசலில் முதலில் நுழை.

வக்கீலுக்கு இப்போது பணம் கட்ட வேண்டுமே என்று நினைக்காதே. துறையோடு முடிந்தால் நூற்றுக்கு 20, கோர்ட்டுக்குப் போனால் 25, அதற்கு மேல் வாங்கினால் அவர் குற்றவாளி. அன்று ராத்திரி டியூட்டியில் இருந்த டாக்டர் ஆஸ்பத்திரி ஆளா, ஒப்பந்தத்தில் வெளியிலிருந்து வந்தவரா என்று வக்கீலை முதலில் விசாரிக்கச் சொல். ஒப்பந்த ஆள் என்றால் இந்தச் சட்டம் அவரைத் தொடாது, டெக்சாஸ் கோர்ட்டில் தனியாகப் போட வேண்டும், அதற்கும் கெடு இருக்கிறது. வலிக்கும் வேதனைக்கும் டாக்டர்களிடம் 2,50,000 டாலருக்கு மேல் வாங்க முடியாது என்று டெக்சாஸில் 2003-லேயே வரம்பு வைத்துவிட்டார்களாம். போன சம்பளத்துக்கு அந்த வரம்பு இல்லை. சர்க்கார்மேல் கேஸ் போட்டால் குடியுரிமை போய்விடும் என்று உன் மாமா சொன்னது வெறும் பேச்சு. நகல் எடுத்து வை. மருத்துவ ரெக்கார்டு முழுவதையும், நர்ஸ் எழுதிய குறிப்புகளோடு கேட்டு வாங்கு. உன் ரெக்கார்டு உன் உரிமை.

2015-இல் நீ அந்த உடுப்பில் நிற்கிற போட்டோவை நான் கோர்ட் கேன்டீனில் எத்தனை பேருக்குக் காட்டியிருப்பேன் தெரியுமா? எம்.எஸ். படிக்கப் போன பிள்ளை, அவர்கள் கேட்ட மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது என்பதால் பட்டாளத்தில் சேர்ந்தான், பயிற்சி முடிந்த கையோடு குடியுரிமை கொடுத்தார்கள் என்று ஜட்ஜ் ஐயாவிடமே சொன்னேன். அடுத்த வருஷமே அந்தத் திட்டத்தை மூடிவிட்டார்கள், என் பிள்ளை முந்திக்கொண்டான் என்று அதையும் சேர்த்துச் சொல்லுவேன். அந்தப் போட்டோ இன்னும் பர்ஸில்தான் இருக்கிறது.

ஆனால் ஒரு காகிதத்தைப் பூர்த்தி செய்ய 22 மாதமா என்று உன்னைக் கேட்க நினைத்தேன். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதத்தையே ஆரம்பித்தேன். எழுதி, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

நீ அந்த ஏப்ரலிலேயே போட இருந்தாய். வக்கீலைக்கூடப் பார்த்துவிட்டாய். நான்தான் தடுத்தேன். பாளையங்கோட்டைச் சம்பந்தம் பேசி முடிந்திருந்த நேரம். 'காகிதத்தில் ஏறினால் பெண் வீட்டுக்காரன் கண்ணில் படும், காலைப் பற்றியும் அந்த இன்னொரு விஷயத்தைப் பற்றியும் ஒருத்தரிடமும் வாயைத் திறக்காதே' என்றேன். 'சர்க்கார் சோறு தின்ற குடும்பம், சர்க்கார்மேல் கேஸ் போடுவதா' என்றும் சொன்னேன். நீ மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்களுக்கு எப்படியோ தெரிந்து சம்பந்தம் முறிந்தபோது அதற்கும் உன்னைத்தான் பேசினேன். போனில் நான் பேசியதை உன் அம்மா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவள் என்னிடம் தேவைக்கு மட்டும்தான் பேசுகிறாள். உனக்கு வாய் பேசாதே என்று சொல்லிக்கொடுத்தவன், நீ பேசவில்லை என்று இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். லிமிடேஷன் பத்தியை 31 வருஷம் பார்த்தவனுக்கு, சொந்தப் பிள்ளையின் கெடுவைத் தின்றுகொண்டிருக்கிறோம் என்று தோன்றவில்லை.

படிவத்தைப் பென்சிலில் நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். வக்கீல் திருத்திக்கொள்ளட்டும். 12-ஆம் கட்டத்தில் தொகை எழுத வேண்டும், அதை மட்டும் விட்டிருக்கிறேன். நீயும் வக்கீலும் முடிவு செய்யுங்கள். காலியாக விடாதே, 'பிறகு தெரிவிக்கப்படும்' என்றும் எழுதாதே. தொகை இல்லாவிட்டால் அது மனுவே இல்லை என்று திருப்பிவிடுவார்கள். குறைத்தும் எழுதாதே, பிறகு அதற்கு மேல் கேட்பது கஷ்டம்.

11-ஆம் கட்டம் சாட்சிகள். அதில் என் பெயரையும் விலாசத்தையும் மையிலேயே எழுதிவிட்டேன். என் டைரி உனக்குத் தெரியும், கோர்ட் வழக்கம், ஒருநாளும் விட்டதில்லை. 20.03.2024 பக்கத்தை நகல் எடுத்து நோட்டரியிடம் அட்டெஸ்ட் வாங்கி வைத்திருக்கிறேன். பத்திரமாக வைக்கச் சொன்னது அதைத்தான். அன்று மத்தியானம் 1.15-க்கு நீ போன் பண்ணியிருக்கிறாய். உங்கள் ஊரில் ராத்திரி 2.45. 'இடது பாதம் உணர்ச்சி இல்லை என்கிறான். பெல் மூன்று தடவை அடித்தானாம். டாக்டர் காலையில் வருவார் என்று நர்ஸ் சொல்லிப் போய்விட்டாளாம்.' ஸ்கேன் எடுக்க அவர்களுக்குக் காலை பத்து மணிக்கு மேல் ஆகியிருக்கிறது. முதுகுத்தண்டில் கட்டிய ரத்தத்தை மணிக்கணக்கில் விடக்கூடாது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

அதற்குக் கீழே இன்னொரு வரி இருக்கிறது. 'மயக்க மருந்தின் அசதியாக இருக்கும், தூங்கு என்று சொன்னேன்.' அந்த வரியை மறைத்து நகல் எடுக்கலாமா என்று கடைக்காரப் பையன் முன்னால் நின்று யோசித்தேன். வேண்டாம். அடித்தல் திருத்தல் இருந்தால் ஆவணத்தை நம்ப மாட்டார்கள். உன் வக்கீல் கூப்பிட்டால் எந்த ராத்திரியானாலும் எழுந்து பேசுகிறேன், அந்த வரியைப் பற்றிக் கேட்டாலும் பதில் சொல்கிறேன்.

ஞாயிறு ராத்திரி ஏழு மணிக்கு, இங்கே திங்கள் காலை ஆறரை, நான் கூப்பிடுவேன். பக்கத்தில் அம்மாவும் இருப்பாள். எடு.

அன்புடன்,
அப்பா