கேபிள் டிவி ஆபரேட்டர்கள் நலச் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை, 2024-25

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. மின்கம்பங்களில் கேபிள் கட்டுவதற்கான வாடகைப் பிரச்சினை அப்படியேதான் இருக்கிறது.

இந்த ஆண்டு அதிகம் விவாதித்தது ஒளிபரப்புச் சேவைகள் மசோதாவைத்தான், அதாவது டிவி, கேபிள், ஓடிடி எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம் கொண்டுவரும் திட்டத்தை. 2023 நவம்பரில் வந்த வரைவுக்குப் பதில் புதிய வரைவு வரும் என்று 2024 ஆகஸ்டில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அறிவித்து, கருத்துச் சொல்ல அக்டோபர் 15 வரை அவகாசம் தந்தது. அதற்குள் நம் கடிதம் போய்விட்டது.

"வசூலுக்கே வழியில்லை, நமக்கு எதுக்குங்க மசோதா?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நம் கட்டண விதியை எழுதுவது டிராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். மாத அடிப்படைக் கட்டணத்துக்கு, 2019இல் அமலுக்கு வந்த 130 ரூபாய் உச்சவரம்பை வைத்ததும் அதுதான், 2024இல் எடுத்ததும் அதுதான். டிராயின் தலைவரையும் உறுப்பினர்களையும் நியமிப்பது மத்திய அரசு. சேனல் உரிமத்திலோ டிராய் பரிந்துரை மட்டுமே செய்யலாம், முடிவு அமைச்சகத்துடையது. மசோதா வரைவில் இருந்த, நிகழ்ச்சிப் புகார்களைப் பார்க்கும் ஆலோசனைக் குழுவையும் அரசே நியமிக்குமாம். அப்புறம் ஒளிபரப்பை ஒழுங்குபடுத்துகிறவர்களுக்கு எங்கே சுதந்திரம்?

மீடியாஒன் மலையாளச் சேனலை அமைச்சகம் 2022 ஜனவரியில் நிறுத்தியபோது காரணம் சேனலுக்குக் காட்டப்படாமல் மூடிய உறையில் நீதிமன்றத்துக்குப் போனது. உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் அந்த உத்தரவை ரத்து செய்தது. அலைவரிசை பொதுச்சொத்து, அதைக் கவனிக்கத் தன்னாட்சி அமைப்பு வேண்டும் என்று அதே நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. அப்படி ஓர் அமைப்புக்காக 1997இல் ஒரு மசோதா வந்தது, மக்களவை கலைந்ததும் காலாவதியானது.

கடிதத்தில் நாம் கேட்டது: உரிமமும் நிகழ்ச்சிப் புகாரும் அமைச்சகத்தை விட்டு ஒரு தனி ஆணையத்துக்குப் போகட்டும். அதன் உறுப்பினர்களை எதிர்க்கட்சித் தலைவரும் நீதிபதியும் இருக்கிற குழு தேர்ந்தெடுக்கட்டும். தூர்தர்ஷனையும் ஆகாசவாணியையும் நடத்தும் பிரசார் பாரதியின் வாரியத்துக்கே குடியரசுத் துணைத் தலைவர் தலைமையில் தேர்வுக்குழு இருக்கிறதே! சின்ன ஆபரேட்டர்களுக்கும் ஆணையத்தில் ஓர் இடம் கேட்டிருக்கிறோம். அது கிடைக்கும் என்று எனக்கு நம்பிக்கை குறைவு.

இதற்கிடையில், தலைமைத் தபால் நிலையத்தில் செய்துவந்த நம் ஆபரேட்டர் பதிவு 2025 ஜனவரி முதல் ஆன்லைனில் நேராக அமைச்சகத்துக்கே போகிறது. கட்டணம் 5,000 ரூபாய், ஐந்து வருடம் செல்லும். அலைச்சல் மிச்சம், சரி. பிடிமானம் மட்டும் டெல்லியில் இன்னும் இறுகியிருக்கிறது. பதிவு முடியப்போகிறவர்கள் ஆதார், பான் நகலுடன் அலுவலகத்துக்கு வாருங்கள், விண்ணப்பிக்க உதவுகிறோம்.

அடுத்து பொருளாளர் கணக்கை வாசிப்பார்.

செயலாளர்