புரட்டாசி பிறந்ததும் கிளம்பி வா

மாப்ளே,

உன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லாருக்கும் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். எனக்கு இடது முழங்கால் மட்டும் மாடிப்படி இறங்கும்போது முனகுகிறது. ஐம்பதைத் தாண்டினால் அதெல்லாம் சகஜம் என்கிறார் டாக்டர். அவருக்கு என்ன, முப்பத்தைந்து வயது.

எல்க் என்கிற பெரிய மானை வில்லால் வேட்டையாட, குலுக்கலில் உனக்கு லைசென்ஸ் விழுந்துவிட்டது என்று படித்ததும் வீடே அதிரச் சிரித்தேன். பத்து வருஷமாக "வரேன் வரேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தவன், கடைக்குப் போய் நேராக வாங்கி வரலாம் என்று இருந்த காலத்திலெல்லாம் ஹூஸ்டனைவிட்டு அசையவில்லை. 2025-இலிருந்து கொலராடோவின் மேற்குப் பக்கம் வெளிமாநிலத்தாருக்கு அந்த வழியை அடைத்துவிட்டார்கள். ஏப்ரலிலேயே மனுப் போட்டுக் குலுக்கலில் வந்தால்தான் உண்டு என்று ஆன பிறகு உனக்கு ரோஷம் வந்து, முதல் தடவையே கிடைத்தும்விட்டது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். வில் சீசன் செப்டம்பர் 2 முதல் 30 வரை. உனக்கு லீவு எட்டு நாள். எந்த எட்டு நாள் என்று கேட்கிறாய். 21 திங்கள் தொடங்கி 28 திங்கள் வரை. இன்றைக்கே ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிடு. காரணத்தை மெதுவாகப் படித்துக்கொள்.

முதலில் பௌர்ணமியைத் தூக்கிப் போடு. 26-ஆம் தேதி பௌர்ணமி வருகிறதே, எல்க் ராத்திரியெல்லாம் மேய்ந்துவிட்டு விடியுமுன் படுத்துவிடுமே என்று பயப்படுகிறாய். கொஞ்சம் அப்படித்தான் ஆகும். ஆனால் கொம்பன்கள் பெட்டையைத் தேடிக் கத்தத் தொடங்கும் காலத்தை நிலா தீர்மானிப்பதில்லை, பகல் குறுகுவதுதான் தீர்மானிக்கிறது. எல்க்குக்குச் சினைக்காலம் ஏறக்குறைய எட்டரை மாதம். பனி உருகிப் பச்சைப் புல் முளைக்கிற மே கடைசி, ஜூன் முதல் பாதியில் குட்டி விழவேண்டும் என்றால், செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முதல் வாரத்துக்குள் சினை நின்றாக வேண்டும். முந்திப் போட்டால் குட்டி பனியில் சாகும், பிந்திப் போட்டால் அடுத்த குளிருக்குள் தேறாது. அதனால் இந்தத் தேதிகள் வருஷத்துக்கு வருஷம் பெரிதாக நகருவதில்லை. வெயில் அதிகமானால் பகலில் வாயை மூடிக்கொண்டு ராத்திரியில் கத்தும், அவ்வளவுதான். இவை எல்லாம் எந்தத் தேதி என்பதை மாற்றுவதில்லை, எந்த மணி நேரம் என்பதைத்தான் மாற்றும்.

பெட்டை பருவத்துக்கு வந்தால் ஒரு நாள்கூட முழுசாக நிற்காது. சினை பிடிக்காவிட்டால் மூன்று வாரம் கழித்து மறுபடி வரும். உங்கள் வீட்டுச் செவலைப் பசு கத்தினால் உன் அப்பா காலண்டரில் வட்டம் போட்டு 21 நாள் எண்ணுவாரே, அதே கணக்கு. அந்த ஒரு நாளைத் தவறவிடக் கூடாது என்றுதான் கொம்பன் சோறு தண்ணியில்லாமல் மந்தையைச் சுற்றிச் சுற்றி வருகிறது.

செப்டம்பர் முதல் வாரம் வேறு மாதிரி. ஆகஸ்டிலேயே கொம்பின் மேல்தோலை மரத்தில் உரசி உரித்திருக்கும், ஆனால் இன்னும் சாதுவாகத்தான் இருக்கும். வெயிலுக்குக் குட்டைக்கு வரும். குட்டையோரம் மறைந்து உட்கார்ந்திருக்கப் பொறுமை உள்ளவனுக்கு அது நல்ல வாரம். சத்தமே இருக்காது. இடம் தெரியாதவன் எதைக் கேட்டு எங்கே போவான்? போதாக்குறைக்கு 7-ஆம் தேதி தொழிலாளர் தின விடுமுறை. அந்த நீண்ட வார இறுதியில் மலையடிவாரத்துப் பாதையெல்லாம் டிரக்காக நிற்கும்.

அதற்கு அடுத்த வாரத்தைத்தான் எங்கள் கேம்ப்பில் பாதிப் பேர் தங்கம் என்பார்கள். பெட்டைகளை இன்னும் எந்தக் கொம்பனும் வளைத்துப் பிடித்திருக்காது. தனியாகத் திரிகிற கொம்பன், பெட்டை மாதிரி நாம் ஊதுகிற ஒரு சின்ன மியாவ் சத்தத்துக்கே ஆசையாகக் கிளம்பி வரும். உண்மைதான், மறுக்கமாட்டேன். ஊதத் தெரிந்தவன், மலையை அறிந்தவன், ஓசைப்படாமல் வருவதை எதிர்பார்த்து நிற்கத் தெரிந்தவன் 8-ஆம் தேதியிலிருந்து 12-க்குள் போகலாம். நீ அந்த மூன்றும் இல்லை, கோபிக்காதே. 12-ஆம் தேதி மசில்லோடர் சீசன் ஆரம்பித்துவிடும். நம்மூர் நாட்டுத் துப்பாக்கி மாதிரி குழல்வாயில் மருந்து கெட்டித்துச் சுடுகிற ரகம். 20-ஆம் தேதி வரை ஒன்பது நாள் அவர்களும் நாமும் ஒரே காட்டில். வெடிச் சத்தம் கேட்டால் எல்க் வாயடைத்து, இருண்ட சரிவுகளில் போய்ப் பதுங்கிவிடும்.

20-ஆம் தேதி ஞாயிறு மாலை அவர்கள் கூடாரத்தைச் சுருட்டிவிடுவார்கள். திங்கள் காலையிலிருந்து காடு நம்முடையது. ஆஸ்பென் மரமெல்லாம் மஞ்சளாகியிருக்கும். விடியற்காலையில் புல் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். கொம்பன்கள் பகல் பத்து மணிக்கும்கூடக் கத்தும். கத்துவதென்றால் நீ நினைப்பது மாதிரி இல்லை. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயிலில் குடில் போட்டுத் தங்கியிருந்தோமே, ராத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம் மிளா கத்தியதும் நீ என் போர்வையையும் சேர்த்து இழுத்துப் போர்த்திக்கொண்டாயே, அது ஒற்றை அதட்டல். இது அடித்தொண்டையில் மாடு மாதிரி ஆரம்பித்து, விசிலாகி உச்சிக்குப் போய், அங்கேயே நின்று, அப்புறம் நாலைந்து உறுமலாகக் கீழே விழும். முந்நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள பிராணிக்குப் புல்லாங்குழல் மாதிரிக் குரல் எப்படி வந்தது என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். வழி தெரியாதவனுக்கு அந்தக் குரல்தான் வழி. காதை வைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடலாம்.

ஆனால் இந்த வாரத்தில் ஒரு சங்கடம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். மந்தை வைத்திருக்கிற கொம்பன் கூப்பிட்டால் வராது. கையில் பதினைந்து பெட்டை இருக்கும்போது உன் ரப்பர் ஊதியை நம்பி எதற்கு வரும்? பதில் கத்திக்கொண்டே மந்தையை ஓட்டிக்கொண்டு போய்விடும். போன வருஷம் ஃபிளாட் டாப்ஸ் மலையில் அப்படி ஒன்றை விடியலிலிருந்து பின்தொடர்ந்தேன். ஒன்பதரை மணிக்கு 40 கஜத்தில் மண்டியிட்டிருந்தேன். அதன் வாசனையே எனக்கு வந்தது. சகதியில் தன் மூத்திரத்திலேயே புரண்டு வந்த ஆட்டுக்கிடாய் நாற்றம். வயிற்றுப் பக்கம் ஈர மண் காய்ந்து வெடித்திருந்தது. வில்லை இழுத்துவிட்டேன். நடுவில் ஒரு சின்ன ஸ்புரூஸ் மரம், அது ஒரு எட்டு எடுத்து வைத்தால் போதும். அந்த நேரம் பிடரியில் சில்லென்று ஏதோ தொட்டது. காற்று. விடியலில் குளிர்ந்த காற்று சரிவில் கீழ்நோக்கி இறங்கும், வெயில் ஏறியதும் மேல்நோக்கித் திரும்பும். நான் அதற்குக் கீழே இருந்தேன். ஓரத்தில் மேய்ந்துகொண்டிருந்த கிழட்டுப் பெட்டை ஒன்று தலையைத் தூக்கி ஒரு குரல் கொடுத்தது. அவ்வளவுதான், மொத்த மலையும் காலியானது. கொம்பனை ஏமாற்றிவிடலாம் மாப்ளே, அதைச் சுற்றி நிற்கிற முப்பது கண்களை ஏமாற்ற முடியாது.

இத்தனை தெரிந்தும் நான் ஏன் கடைசி வாரத்தைச் சொல்கிறேன்? பெரும்பாலானவர்கள் அம்பு விடுகிற நிமிஷம் வரைதான் யோசிக்கிறார்கள். என் கணக்கு அம்பு விட்ட பிறகு ஆரம்பிக்கிறது. இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. என் முதல் சீசனில், செப்டம்பர் 4-ஆம் தேதி பொழுது சாயும்போது ஒரு பெட்டையை எய்தேன். நல்ல அடி. ஒரு மணி நேரம் காத்திருந்து, டார்ச் வைத்துத் தேடி, ஒன்பதரைக்குக் கண்டுபிடித்தேன். குடலை எடுத்துச் சுத்தம் செய்துவிட்டு, ராத்திரி எப்படியும் குளிரும், காலையில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கேம்ப்புக்குத் திரும்பிவிட்டேன். களைப்பு, அதோடு கரடிப் பயம். மறுநாள் போய்த் தோலை உரித்தால், தரையில் படுத்திருந்த பக்கத்துப் பின்னங்காலில் கத்தி எலும்பைத் தொட்டதும் ஒரு புளித்த வாடை. இடுப்பு மூட்டைச் சுற்றிப் பச்சையாகியிருந்தது. அவ்வளவு தடித்த சதை, மேலே ரோமத்தோடு தோல், கீழே சூடு பிடித்த மண். வெளியே ஐந்து டிகிரி இருந்தாலும் எலும்பின் சூடு எங்கே போகும்? ஒரு முழுத் தொடை போயிற்று. தின்னக்கூடிய கறியைக் காட்டில் விட்டுவிட்டு வருவது இங்கே சட்டப்படியே குற்றம். சட்டம் கிடக்கட்டும், ஒரு உயிரை எடுத்து அதை அழுகவிட்டேனே என்று அந்த வருஷம் முழுவதும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

பெரிய கொம்பன் விழுந்தால் எலும்பு நீக்கிய கறி மட்டும் 90 கிலோ தேறும். வண்டி நிற்கிற இடத்துக்கு ஐந்து கிலோமீட்டர். நாம் இரண்டு பேரும் ஆளுக்கு 20 கிலோ சுமந்தாலும் மூன்று நடை, அதாவது ஒன்றரை நாள் வேலை. செப்டம்பர் 5-இல் அந்த ஒன்றரை நாள் வெயிலோடு ஓட்டப்பந்தயம். 25-இல் துணிப்பையில் போட்டு வடக்குச் சரிவு மர நிழலில் தொங்கவிட்டுவிட்டு உட்கார்ந்து டீ குடிக்கலாம். அப்படியும் ராத்திரியே தோலை உரித்து, கால்களைத் தனித்தனியாகப் பிரித்துவிட்டுத்தான் தூங்கப் போகிறோம். இதில் உன் பேச்சு எடுபடாது.

வீட்டில் இந்தத் தேதிக்கு வேறு ஒரு சிரிப்பு. எல்க் உச்சத்தில் கத்துகிற வாரமும் புரட்டாசி பிறப்பதும் ஒன்றாக வந்து நிற்கிறது. என் வீட்டுக்காரி புரட்டாசி முழுக்கக் கவுச்சியைத் தொடமாட்டாள், சனிக்கிழமை தளிகை வேறு. நான் ரத்தக் கறையோடு வந்து நின்றால் கராஜிலேயே குளித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். கறி கராஜ் ஃப்ரீஸரில் ஐப்பசி வரை தவம் கிடக்கும். இந்த வருஷம் தீபாவளி நவம்பர் 8. மிளகு தூக்கலாக அவள் வைக்கிற எல்க் கறிக்குழம்பைத் தின்றுவிட்டு நீ மறுபடி சிக்கன் சாப்பிடமாட்டாய்.

மற்றபடி, கடல் மட்டத்திலிருந்து நேராக 9,500 அடிக்கு வந்தால் தலைவலியில் சுருண்டு படுத்துவிடுவாய். 19-ஆம் தேதி சனிக்கிழமையே டென்வரில் இறங்கிவிடு. அதுவே 5,280 அடி. ஒரு ராத்திரி எங்கள் வீட்டில் படு, தண்ணீர் நிறையக் குடி. மறுநாள் சாவகாசமாக வேட்டைக்கு மீக்கர் ஊர்ப் பக்கம் கிளம்பலாம். சட்டப்படி வில் 35 பவுண்டு இழுவை இருந்தால் போதும், உன் வில் 60 என்றாய், தாராளம். நின்றுகொண்டு மட்டும் பழகாதே. முட்டிபோட்டு, சரிவில் உட்கார்ந்து, இழுத்த வில்லை ஒரு நிமிஷம் அப்படியே பிடித்துக்கொண்டு பழகு. 30 கஜத்துக்கு மேல் நீ எய்ய நான் விடமாட்டேன். கொம்பு விதியையும் இப்போதே மனப்பாடம் செய்துகொள். ஒரு பக்கக் கொம்பிலாவது நாலு கிளை இருக்கவேண்டும், இல்லை நெற்றிக்கு மேல் முளைக்கிற முதல் கிளை ஐந்து அங்குலமாவது இருக்கவேண்டும். குட்டிக்கொம்பனைப் பார்த்ததும் அவசரப்பட்டால் அபராதம்.

கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு வராதே. இங்கே வில்லோடு போகிற பத்துப் பேரில் ஒருவருக்குக் கிடைத்தால் அதுவே நல்ல வருஷம். வெறுங்கையோடு திரும்பினால் 28-ஆம் தேதி சாயங்காலம் எஸ்டஸ் பார்க் ஊருக்குக் கூட்டிப் போகிறேன். அங்கே தேசியப் பூங்காவில் வேட்டை கிடையாது. கொம்பன்கள் ரோட்டோரப் புல்வெளியில் கூச்சமே இல்லாமல் சண்டை போடும், ஜனங்கள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

பூட்ஸைப் புதுசாக வாங்கி நேராக மலைக்குப் போட்டு வராதே, இப்போதிருந்தே போட்டு நட. அம்மாவிடம் சொல்லி ஒரு டப்பா பருப்புப்பொடி வாங்கி வா, கேம்ப்பில் சுடுசோற்றுக்கு ஆகும். நெய் என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்