கிரேஸ் ஹாப்பரைப் பார்க்கப் போனேன்

ஆர்லிங்டன், வெர்ஜீனியா
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். இங்கே பனி இன்னும் விடவில்லை. கையுறை இல்லாமல் சிறிது நேரம் நின்றாலே விரல் மரத்துப்போகிறது. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வரும்போது நல்ல இருட்டு.

"அங்க போய் அப்படி என்னதான் வேலை பாக்குற?" என்று போனில் கேட்பாயே, அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். வங்கிக் கணக்குகளை ராத்திரி முழுக்க ஓட்டுகிற புரோகிராம்களைப் பழுது பார்க்கிறேன். அவை கோபால் என்கிற பழைய கணினி மொழியில் எழுதியவை. அந்த மொழிக்கு அடித்தளம் போட்டவர் ஒரு கடற்படை அதிகாரி, ஒரு பெண். இங்குள்ள ராணுவக் கல்லறைத் தோட்டத்தில்தான் அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். இன்று மெட்ரோ பிடித்துப் போய் வந்தேன்.

பெயர் கிரேஸ் ஹாப்பர். 1934-ல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். இரண்டாம் உலகப் போர் வந்ததும் கடற்படையில் சேரப் போனார். வயது கூடுதல், எடை குறைவு என்றார்கள். அவர் விடவில்லை. எடைக்குத் தனி அனுமதி வாங்கி 1943-ல் சேர்ந்துவிட்டார். கப்பலுக்கு அனுப்பாமல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே மார்க் 1 என்ற கணிப்பொறி, 51 அடி நீளம்! கடற்படைக்கான கணக்குகளை அதில் போடுவதுதான் வேலை.

அப்போதெல்லாம் ஒவ்வொரு கட்டளையையும் எண்ணாகவே எழுதவேண்டும். ஒரே கணக்குத் துண்டைத் திரும்பத் திரும்பக் கையால் நகலெடுக்கும்போதுதான் பிழை நுழைகிறது என்று அவர் கவனித்தார். அந்தத் துண்டுகளை நாடாவில் சேர்த்து வைத்து, துண்டுக்கொரு எண் கொடுத்து, எண்ணைச் சொன்னால் இயந்திரமே எடுத்துக் கோத்துக்கொள்ளும்படி 1952-ல் செய்து காட்டினார். நாம் எழுதுவதை இயந்திரத்துக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தருகிற புரோகிராமை நாங்கள் கம்பைலர் என்போம். அதன் தொடக்கம் இதுதான். கணிப்பொறி கணக்குப் போடும், புரோகிராம் எழுதாது என்று சொல்லி முதலில் யாரும் நம்பவில்லையாம். பிறகு சாதாரண ஆங்கிலச் சொற்களிலேயே கட்டளை எழுத ஃப்ளோமேட்டிக் மொழியைக் கொண்டுவந்தார். 1959-ல் ஒரு குழு கூடி கோபாலை வகுத்தபோது அதிலிருந்துதான் நிறைய எடுத்துக்கொண்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அவர் கையில் வைத்திருந்த கம்பித் துண்டு. ஸ்கேல் அளவு, 11.8 அங்குலம். ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு நேரத்தில் மின்சாரம் போகக்கூடிய தூரம் இவ்வளவுதான் என்று பெரிய அதிகாரிகளுக்கும் மாணவர்களுக்கும் எடுத்துக் கொடுப்பாராம். கண்ணால் காண முடியாததை இப்படிக் கையில் தருகிற வாத்தியார் எனக்கு வாய்க்கவில்லை.

1966-ல் 60 வயதில் ஓய்வு கொடுத்தார்கள். மறு வருஷமே ஆறு மாத வேலை என்று திரும்பக் கூப்பிட்டார்கள். 1986 வரை, 79 வயது வரை இருந்தார். ரியர் அட்மிரல் என்ற உயர் பதவியில் ஓய்வு பெற்றார்.

இங்கே வந்த புதிதில், என் உச்சரிப்பைக் கேட்டு ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னொருவர், கோபால் செத்த மொழி, அதைக் கட்டிக்கொண்டு அழாதே என்றார். அன்று ராத்திரி உனக்குப் போன் பண்ணியும் எதுவும் சொல்லவில்லை. அதையெல்லாம் இன்று அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று நினைத்துக்கொண்டேன். மேலே படிந்திருந்த பனியைக் கையால் துடைத்துவிட்டு வந்தேன்.

நாளை எனக்கு ராத்திரி வேலை. செவ்வாய்க்கிழமை தூங்கி எழுந்து கூப்பிடுகிறேன். மாத்திரையை வேளைக்குப் போடு.

உன் அன்பு மகள்