மடியில் நாய் இருந்த அந்தப் போட்டோ

டொரண்டோ,
8 மார்ச் 2025.

அன்புள்ள அம்மாவுக்கு,

தம்பி உன்னிடம் காட்டிய போட்டோவைப் பற்றி நீ போனில் கேட்டபோது நான் நேராகப் பதில் சொல்லவில்லை. "பரீட்சை நேரத்தில் நாயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயே, இதற்காகவா நகையை அடகு வைத்து அனுப்பினோம்?" என்று கேட்டாய். நியாயமான கேள்வி. அறையில் வேறு இருவர் இருந்தார்கள், பேச்சை மாற்றிவிட்டேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ பாதியிலேயே அழுதுவிடுவாய் என்ற பயமும் இருந்தது. அதனால் கையால் எழுதி, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அப்பாவின் போனுக்கு அனுப்புகிறேன். எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு நிதானமாகப் படி.

போன நவம்பர் 3-ஆம் தேதி இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளினார்கள். மறுநாளிலிருந்து மாலை ஐந்து மணிக்கே தெருவிளக்கு எரிந்தது. டிசம்பரில் ஐந்துகூட ஆகாது. நான் பகல் முழுவதும் இருக்கும் சோதனைக்கூடத்தில் சன்னல் கிடையாது. என் ஆய்வு என்னவென்று உனக்குத் தெரியும்: நம் ஊர் மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுவார்களே, அந்தக் குளோரின் பழைய இரும்புக் குழாய் வழியாகக் கடைசித் தெருவுக்கு வரும்போது எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளப்பது. ஆறு வாரம் அளந்தேன். இன்று வந்த எண் நேற்று வந்த எண்ணோடு ஒத்துப்போகவில்லை. தவறு குழாயிலா, கருவியிலா, என் கையிலா என்று தெரியவில்லை. என் கையில்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

தூக்கம் போயிற்று. நீ "சாப்பிட்டாயா?" என்று கேட்கும்போதெல்லாம் ரசம் வைத்தேன் என்று சொன்னது பொய், அம்மா. பல நாள் ரொட்டியும் பாலும்தான். ஒரு காலையில் வழக்கம்போல் கென்னடி நிலையத்தில் ரயில் ஏறினேன். செயின்ட் ஜார்ஜ் நிலையம் வந்தது, கதவு திறந்தது, நான் எழுந்திருக்கவில்லை. கடைசி நிலையமான கிப்ளிங் வரை போய், அப்படியே திரும்பி வந்து, போர்வைக்குள் படுத்துக்கொண்டேன். அன்று உன் போனையும் எடுக்கவில்லை. சிக்னல் இல்லை என்று சொன்னேனே, அந்த நாள்தான்.

அதற்கு இரண்டு நாள் கழித்து எங்கள் டொரண்டோ பல்கலைக்கழகத்தின் ரோபார்ட்ஸ் நூலகத்துக்குப் போனேன். பதினான்கு மாடி, வெறும் கான்கிரீட், 1973-இல் திறந்தது. மயில் மாதிரி இருக்கும் என்று மாணவர்கள் சொல்வார்கள். எனக்கு அது ஒரு கோட்டையாகத்தான் தெரிகிறது. அங்கே ஓர் அறிவிப்புப் பலகை. செப்டம்பரில் வந்த நாளிலிருந்து அதைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தேன். நின்று படித்தது அன்றுதான். ஆய்வுக் கட்டுரைக்கு மேற்கோள் குறிப்பது எப்படி என்று ஒரு தாள். நேர்காணலுக்குப் பேசிப் பழகலாம் என்று ஒன்று. தூக்கம் வராதவர்களுக்கு ஒன்று. புதிதாக வந்தவர்கள் சேர்ந்து சமைக்கலாம் என்று ஒன்று. வருமான வரிப் படிவம் நிரப்பக் கற்றுத்தருவதுகூட ஒன்று. எல்லாம் பக்கத்தில் பக்கத்தில், ஒரே அளவுத் தாளில் ஒட்டியிருந்தன. படிப்பு, வேலை, மனம் என்று யாரும் பிரித்து, மனத்துக்கானதை மூலையில் ஒளித்து வைக்கவில்லை. இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். ஒருத்தி அந்தப் பலகை முன் நின்றால், அவள் எந்தத் தாளைப் படிக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது.

"சேர்ந்து எழுதலாம், சூப் உண்டு" என்றது ஒரு தாள். எனக்கு அன்று பசி. போனேன்.

உள்ளே பெயரை மட்டும் கேட்டார்கள். அடுத்த ஐம்பது நிமிடத்தில் என்ன எழுதப்போகிறோம் என்று ஒவ்வொருவரும் ஒரு வரி சொல்ல வேண்டும். பிறகு கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டுப் பேச்சில்லாமல் எழுத வேண்டும். மணி அடித்தால் பத்து நிமிடம் இடைவேளை. மறுபடி ஐம்பது நிமிடம். வேறொன்றும் இல்லை. எனக்கு எதிரே இருந்தவர் நான்காம் ஆண்டு ஆய்வு மாணவர், சரித்திரம். "போன வாரம் எழுதிய பக்கத்தை அழிக்கப்போகிறேன்" என்றார். நான் "பொருந்தாத எண்களைப் பற்றி ஒரு பத்தி" என்றேன். இடைவேளையில் சூப்போடு நின்றபோது இன்னும் இரண்டு பேர் தங்களுக்கும் தூக்கமில்லை என்று சாதாரணமாகச் சொன்னார்கள், மழை வருகிறது என்று சொல்வதுபோல. தகுதி இல்லாமல் இங்கே வந்து சேர்ந்தவள் நான் ஒருத்திதான் என்று எட்டு வாரமாக நினைத்திருந்தேன். அந்தப் பத்தியை அன்று எழுதி முடித்தேன். எழுதும்போதுதான் ஒன்று பிடிபட்டது: திங்கட்கிழமை எண்கள் மட்டுமே தப்பாக இருந்தன. சனி, ஞாயிறு முழுவதும் குழாயில் தண்ணீர் ஓடாமல் தேங்கி நின்றதுதான் காரணம். என் கை இல்லை.

அந்தக் கூட்டத்தை நடத்திய அம்மையார் போகும்போது என்னிடம் மெதுவாக, "ஆலோசகர் ஒருவரைப் பார்க்கிறாயா?" என்று கேட்டார். பார்த்தேன். தனியாகப் பணம் கட்டவில்லை. பைத்தியத்துக்கு வைத்தியம் என்று நினைத்துக்கொள்ளாதே. எத்தனை மணிக்கு எழுகிறாய், பகல் வெளிச்சத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறாய், யாரோடு சாப்பிடுகிறாய் என்றுதான் கேட்டார். கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

இப்போது நாய்க்கு வருகிறேன். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் என்று ஒரு தொண்டு அமைப்பு. சாதுவான வளர்ப்பு நாய்களையும் அவற்றின் உரிமையாளர்களையும் சோதித்துத் தேர்ந்தெடுத்து மருத்துவமனை, முதியோர் இல்லம், கல்லூரி என்று அனுப்புகிறார்கள். தேர்வுக் காலத்தில் இங்கேயும் வந்தார்கள். நம் வீட்டில் நாயைப் படி ஏற்ற மாட்டோம். தம்பியை ஆறு வயதில் நாய் கடித்து, அவனுக்கு ஊசி போடும்போது கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அதற்குப் பிறகு தெருவில் நாயைக் கண்டால் எதிர்ப்பக்கம் போகிறவள். அறைத் தோழி இழுத்துக்கொண்டு போனதால் போய், சுவர் ஓரமாகக் கம்பளத்தில் உட்கார்ந்தேன். வயதான நாய், முகமெல்லாம் நரைத்திருந்தது. யாரும் கூப்பிடாமலே நடந்து வந்து என் மடியில் தலையை வைத்து ஒரு பெருமூச்சு விட்டது. அம்மா, செப்டம்பரில் விமான நிலையத்தில் நீ என்னைக் கட்டிக்கொண்டதற்குப் பிறகு, உயிருள்ள ஒன்று என்னைச் சூடாகத் தொட்டது அன்றுதான். கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். தோழி எடுத்த போட்டோதான் நீ பார்த்தது. அன்றிரவு ஏழு மணி நேரம் தூங்கினேன். மறுநாள் பரீட்சையை நன்றாக எழுதினேன்.

எல்லாமே எனக்குப் பொருந்தின என்று சொல்ல மாட்டேன். மூச்சுப் பயிற்சி வகுப்புக்கு ஒரு முறை போய் நிறுத்திவிட்டேன். எனக்குக் கோவில் பிரகாரம் சுற்றுவதுபோல் நடப்பதுதான் சரிப்படுகிறது. ஹார்ட் ஹவுஸ் என்ற கட்டடத்துக்குள் ஓடுபாதை ஒன்று இருக்கிறது. வெளியே பனி கொட்டும்போது அதில் சுற்றி நடக்கிறேன். மாணவர்கள் வகுப்புக்கு வெளியே கூடிப் பேசவும் படிக்கவும் விளையாடவும் என்று 1919-இல் திறந்த கட்டடம் அது. பெண்களுக்கு முழு உறுப்பினர் உரிமை 1972-இல்தான் கிடைத்தது. நீ பிறந்த வருடம். அங்கே கணப்பருகில் நாற்காலியில் சாய்ந்து படிக்கும்போது இது ஒவ்வொரு முறையும் நினைவுக்கு வருகிறது.

பாட்டியிடம் இதையும் சொல். அவர் தினமும் போட்டுக்கொள்ளும் இன்சுலின், 1921-இல் இந்தப் பல்கலைக்கழகத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தக் குழுவினர் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்திடம் கொடுத்துவிட்டார்கள். பாட்டி கேட்டால் சந்தோஷப்படுவார்.

வேலை பற்றி அப்பா கேட்டிருந்தார். அதை விவரமாக எழுத வேண்டும். ஜனவரியில் வேலைவாய்ப்புக் கண்காட்சி ஒன்றுக்குப் போனேன். அதற்கு முந்தைய வாரம் சுயவிவரம் எழுதக் கற்றுத்தரும் வகுப்பு. அப்பா எனக்குத் தட்டச்சு செய்து கொடுத்த பயோடேட்டாவில் போட்டோ, பிறந்த தேதி, தகப்பனார் பெயர், திருமணம் ஆகவில்லை என்பது எல்லாம் இருந்தன அல்லவா? இங்கே அவை ஒன்றும் இருக்கக் கூடாது. வயதையும் குடும்பத்தையும் பார்த்து ஆளை ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காக. என்ன படித்தேன் என்று எழுதினால் போதாது, எதைச் செய்து என்ன விளைந்தது என்று எழுத வேண்டும். அப்பாவின் பெயரை அழிக்கும்போது எனக்குக் கை ஓடவில்லை. அவரிடம் இதைச் சொல்லிவிடு, பின்னால் தெரிந்து வருத்தப்பட வேண்டாம்.

கண்காட்சியில் ஒரு நிறுவனத்தின் மேசை முன் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும், நான் மாணவர் அனுமதியில் இருப்பவள் என்று தெரிந்தவுடன், அங்கிருந்தவர் என் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது. அன்று மாலையே வெளிநாட்டு மாணவர்களுக்கான கூட்டம் ஒன்றில் இதைச் சொன்னேன். அதை நடத்தியவர் பொறுமையாக விளக்கினார். படிக்கும்போது வளாகத்துக்கு வெளியே வாரத்துக்கு 24 மணி நேரம் வேலை செய்யலாம். முதுநிலைப் பட்டம் முடித்தால் மூன்று வருட வேலை அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். பொறியாளர் உரிமத்துக்குக் கனடாவில் வேலை பார்த்த அனுபவம் கட்டாயம் என்றிருந்த விதியை ஒன்டாரியோ மாகாணத்தில் 2023 மே மாதத்தில் நீக்கிவிட்டார்கள். இவற்றை மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அறியாமல் இருக்கலாம், நீதான் முதல் நிமிடத்திலேயே சொல்ல வேண்டும் என்றார். "அனுமதி இருக்கிறதா?" என்று கேட்டால் தலை குனியாமல் சொல்ல, என்னை நிற்கவைத்து ஐந்து முறை சொல்லிப் பார்க்கச் செய்தார். போன வாரம் குடிநீர் சம்பந்தமான வேறொரு நிறுவனத்தில் அப்படியே சொன்னேன். கோடை வேலைக்கு நேர்காணலுக்கு அழைத்திருக்கிறார்கள். கிடைக்கும் வரை ஊரில் யாரிடமும் சொல்லாதே.

இன்னொன்று. ஆய்வு மாணவர்கள் தங்கள் ஆய்வை மூன்றே நிமிடத்தில், ஒரே ஒரு படத்தைக் காட்டி, அந்தத் துறை தெரியாதவர்களுக்குச் சொல்லும் போட்டி ஒன்று உண்டு. 2008-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அங்கே அப்போது கடும் வறட்சி. மூன்று நிமிட மணல் கடிகாரத்தைக் குளியலறையில் வைத்து அதற்குள் குளித்து முடியுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார்களாம், அதிலிருந்து பிறந்த யோசனை. தண்ணீர்ப் பஞ்சத்தில் பிறந்த போட்டியில் குடிநீர்க் குழாயைப் பற்றிப் பேசாவிட்டால் எப்படி? அடுத்த வருடம் பெயர் கொடுப்பேன்.

அம்மா, இவ்வளவும் என்னைப் பற்றி உன்னைச் சமாதானப்படுத்த மட்டும் எழுதவில்லை. எனக்கு இப்போது தம்பியைப் பற்றித்தான் கவலை. அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டு அவன் எனக்கு ஒரே ஒரு வரி அனுப்பினான்: "உன் காலேஜில் இதற்கெல்லாம் விடுவார்களா அக்கா?" முன்பெல்லாம் நான் எதை அனுப்பினாலும் பத்து வரி கிண்டல் வரும். இரண்டு மாதமாக அவன் விடுதியிலிருந்து வீட்டுக்கு வரவில்லை, ரெக்கார்டு எழுத வேண்டும் என்று சொல்கிறான் என்றாய். நவம்பரில் என்னிடமும் அப்படி ஒரு காரணம் தயாராக இருந்தது. அந்த வரியை அவன் அனுப்பிய நேரம் இருக்கிறது பார், நம் ஊர் மணி அதிகாலை மூன்றரை.

அடுத்த சனிக்கிழமை மன்னார்குடியிலிருந்து முதல் பஸ்ஸில் தஞ்சாவூர் போய், அங்கிருந்து திருச்சிக்குப் போ. வருவதாக முன்கூட்டிச் சொல்லாதே, வேண்டாம் என்பான். அரியர் இருக்கிறதா என்று கேட்காதே, மார்க் பேச்சே வேண்டாம். எதிர்வீட்டுப் பையன் பெயரை எடுக்காதே. விடுதிக்கு வெளியே கூட்டிவந்து வெயிலில் கொஞ்ச நேரம் நடக்க வை, உட்காரவைத்துச் சாப்பிடச் சொல். தூங்குகிறாயா என்று கேள். பதில் சொல்லாவிட்டாலும் பக்கத்திலேயே இரு. 14416 என்ற எண்ணை ஒரு தாளில் எழுதி அவன் பர்ஸில் வை. 2022-இல் தொடங்கிய அரசு மனநலச் சேவை, எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. இதெல்லாம் எதற்கு என்று கேட்டால், அக்கா சொன்னாள், அக்காவுக்கும் இப்படி ஆயிற்று என்று இந்தக் கடிதத்தை அவனிடமே கொடுத்துவிடு.

இன்றிரவு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள். நமக்குள் இருந்த பத்தரை மணி வித்தியாசம் நாளையிலிருந்து ஒன்பதரை. சனிக்கிழமை அவன் பக்கத்தில் இருக்கும்போது போன் செய். எனக்கு நடுராத்திரியாக இருந்தாலும் எடுப்பேன்.

உன் அன்பு மகள்