அரைக் குப்பி மருந்தும் ஆராய்ச்சிதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே புற்றுநோய்க்கு எதிராகத் திருப்பிவிடும் புதிய இம்யூனோதெரபி மருந்துகளைப் பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களான டி செல்களுக்குப் புற்றுக்கட்டி எப்படிக் கடிவாளம் போடுகிறது, பிடி-1 என்ற அந்தக் கடிவாளத்தை மருந்து எப்படி அவிழ்த்துவிடுகிறது என்பதையெல்லாம் சிக்கலில்லாமல் எழுதியிருந்தார்கள். இப்படிக் கடிவாளத்தை அவிழ்க்கும் வழியைக் கண்டறிந்த விஞ்ஞானிகள் ஆலிசனும் ஹோன்ஜோவும் 2018இல் நோபல் வாங்கியது, மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய, நோயாளியின் டி செல்களையே மாற்றியமைத்துக் கொடுக்கும் நெக்ஸ்கார்19 சிகிச்சைக்கு 2023இல் அனுமதி கிடைத்தது என்று எதையும் விடவில்லை. ஆனால் மருந்து ஆராய்ச்சி என்றாலே புதிய மருந்து கண்டுபிடிப்பது மட்டும்தான் என்பதுபோல எழுதியிருந்ததில் எனக்கு உடன்பாடு இல்லை. ஏற்கெனவே இருக்கும் மருந்தை எவ்வளவு குறைத்துக் கொடுத்தால் போதும் என்று பார்ப்பதும் ஆராய்ச்சிதான். அப்படி ஒரு முக்கியமான ஆய்வு அதே டாடா மருத்துவமனையில் நடந்திருக்கிறது. அதற்குக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

நான் ஈரோட்டில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். பிடி-1 கடிவாளத்தை அவிழ்க்கும் மருந்துகளில் ஒன்றான நிவோலுமாப் ஊசி எங்களுக்கு ஆர்டரின் பேரில்தான் வரும். தெர்மோகோல் பெட்டி, சுற்றிலும் ஐஸ் பாக்கெட், நடுவில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு குப்பி. 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஒருநாள் அந்தியூர்ப் பக்கத்திலிருந்து வந்த தறிக்காரர் ஒருவர், அண்ணனுக்கு வாயில் புற்று என்று சீட்டை நீட்டினார். விலையைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: “ஏனுங்க, இதுல பாதி மட்டும் குடுக்க முடியுங்களா? மாத்திரை அட்டைய கத்திரிச்சுக் குடுக்கறீங்கல்ல?”

கடையில் இருந்த பையன் சிரித்துவிட்டான். கேள்வி என்னவோ சரியான கேள்விதான்.

டாடா ஆய்வு 2022 இறுதியில் வெளியானது. முற்றிய நிலையில் இருந்த தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 151 பேரை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லோடினிப் என்று மூன்று மாத்திரைகள் மட்டும். இன்னொரு பிரிவுக்கு அதே மாத்திரைகளோடு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமாப். வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம் என்பதை நினைவில் வையுங்கள். ஓராண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் மாத்திரைப் பிரிவில் 16.3 சதவீதம், ஊசியும் சேர்ந்த பிரிவில் 43.4 சதவீதம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். முழு அளவென்றால் ஒருவருக்கு ஆண்டுக்கு 6,000 மில்லிகிராமுக்கு மேல் வேண்டும். குறைந்த அளவில் 340 மில்லிகிராம் போதும்.

இவ்வளவு குறைத்தும் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு, இந்த மருந்தை முதன்முதலில் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளிலேயே தடயம் இருந்தது. டோஸ் சிறிதோ பெரிதோ, ரத்தத்தில் ஓடும் டி செல்களின் பிடி-1 புரதத்தில் பெரும்பகுதியை மருந்து இரண்டு மாதத்துக்கு மேல் பிடித்து வைத்திருந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த ஆய்வு குறைந்த டோஸையும் முழு டோஸையும் நேருக்கு நேர் ஒப்பிடவில்லை. தலை, கழுத்துப் புற்றுக்குச் சரியாக வந்தது நுரையீரலுக்கும் வரும் என்று நாமாக முடிவுகட்டவும் கூடாது. சிறிய டோஸானாலும் தைராய்டு, குடல், நுரையீரல் என்று உடம்பே உடம்பைத் தாக்கும் பக்கவிளைவு வரலாம். ஆகவே யாரும் டாக்டரிடம் போய் டோஸைக் குறையுங்கள் என்று நிற்க வேண்டாம். (மஞ்சள் சந்தை உள்ள ஊர் என்பதால், மஞ்சளில் உள்ள குர்குமின் இருக்கும்போது ஊசி எதற்கு என்று வாட்ஸ்அப்பைக் காட்டுகிறவர்களுக்குப் பதில் சொல்வதே எனக்குப் பெரிய வேலை. குறைந்த டோஸ் ஆய்வையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.)

மற்ற புற்றுகளுக்கும் இப்படி ஆய்வு வேண்டும். அதை எந்தக் கம்பெனியும் செய்யாது. தன் விற்பனையைக் குறைக்க யார் தன் காசைப் போடுவார்கள்? அதைக் குற்றமாகவும் நான் சொல்ல மாட்டேன், நானும் வியாபாரிதான். அரசுப் பணத்தில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) போன்ற அமைப்புகள்தான் செய்ய வேண்டும். நோயாளிகளைத் தேடி மும்பைக்குப் போகவும் வேண்டியதில்லை. 2023 நவம்பரில் தமிழக அரசு வீடுவீடாக அழைப்புக் கொடுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனையைத் தொடங்கிய நான்கு மாவட்டங்களில் ஈரோடும் ஒன்று. வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றையும் பார்க்கிறார்கள். கண்டுபிடிப்பதில் காட்டிய அக்கறையை மருந்திலும் காட்டலாமே.

குறைந்த டோஸில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. குப்பி 40 மில்லிகிராமிலும் 100 மில்லிகிராமிலும் வருகிறது. ஒருவருக்கு 20 எடுத்தால் மிச்சத்தை வைத்திருந்து அடுத்த தவணைக்குப் போட முடியாது, அதில் கெடாமல் காக்கும் பொருள் எதுவும் சேர்ப்பதில்லை. 100 மில்லிகிராம் குப்பி வீணாகாமல் இருக்க ஐந்து பேர் ஒரே நாளில் ஒரே இடத்துக்கு வர வேண்டும். தனி ஆளாக என் கடைக்கு வருகிறவரால் அது முடியாது. கோவை, ஈரோடு, சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பேசிவைத்துக்கொண்டு மூன்று வாரத்துக்கு ஒரு நாளை ஒதுக்கினால் முடியும். ஒரு பதிவேடும் தேதி சொல்லி போன் செய்ய ஒரு ஆளும் இருந்தால் போதும்.

அடுத்த முறை புற்றுநோய் மருத்துவர்களைப் பேட்டி எடுக்கும்போது, எங்கள் வட்டாரத்தில் குறைந்த டோஸ் சிகிச்சை எந்த அரசு மருத்துவமனையில், எந்தக் கிழமை கிடைக்கும் என்று கேட்டுப் போடுங்கள். அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
மருந்துக் கடைக்காரர் ஒருவர்,
ஈரோடு