புய் து டோம் சாலையை வாரம் இரு காலை எங்களுக்குத் திறந்துவிடுங்கள்

புய் து டோம் மாவட்ட மன்றத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். மே முதல் செப்டம்பர் வரை, வாரத்தில் இரண்டு நாள், காலையில் முதல் மலை ரயில் கிளம்புவதற்கு முன், புய் து டோம் உச்சிக்குப் போகும் சாலையைச் சைக்கிள்களுக்குத் திறந்துவிடுங்கள். காருக்கு வேண்டாம், மோட்டார் சைக்கிளுக்கு வேண்டாம். மிதித்து ஏறுகிறவர்களுக்கு மட்டும். பேட்டரி சைக்கிளைச் சேர்ப்பதா விடுவதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன்.

இந்த மடலின் பிரெஞ்சு வடிவம் உங்கள் அலுவலகத்துக்குத் தபாலில் வருகிறது. தமிழில் இதை எழுதுவது எங்கள் ஆட்களுக்காக. பிரான்சில் இருக்கும் தமிழர்களில் சாலைச் சைக்கிள் பைத்தியம் பிடித்தவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறோம். கோடை விடுமுறையில் காரின் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு நடு பிரான்சின் ஓவெர்ன் மலைப்பகுதிப் பக்கம் வருகிறோம். செய்சா கணவாயில் ஏறுகிறோம், சான்சி மலையைச் சுற்றுகிறோம், தெற்கே காந்தாலுக்குப் போய் 1,589 மீட்டர் உயரமுள்ள பேரோல் கணவாயையும் பார்த்துவிடுகிறோம். அங்கெல்லாம் யாரும் மறிப்பதில்லை. மாவட்டத்துக்கே பெயர் கொடுத்த மலையின் அடிவாரத்தில் மட்டும் தடுப்பு நிற்கிறது. எப்போதாவது நடக்கும் சிறப்பு நிகழ்ச்சி நாள் தவிர, சைக்கிளுக்கு மேலே அனுமதி இல்லை.

அந்தச் சாலையை அறியாத தமிழ் வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். கிளெர்மோன் ஃபெரோன் நகருக்கு மேற்கே பத்து கிலோமீட்டரில், 1,465 மீட்டர் உயரத்தில் நிற்பது புய் து டோம். வரிசையாக நிற்கும் எண்பது எரிமலைகளில் உயரமானது. பக்கத்தில் இருக்கும் பாரியூ போன்றவை சாம்பலும் கங்கும் குவிந்து உண்டானவை. நடுவில் கிண்ணம்போல் வாய் இருக்கும். புய் து டோம் அந்த இனமில்லை. சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த குழம்பு ஓட முடியாத அளவுக்குக் கெட்டியாக இருந்ததால், வந்த இடத்திலேயே குவிந்து இறுகிப்போனது. பக்கங்கள் இவ்வளவு செங்குத்தாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

1907இல் இந்தக் குவியலைச் சுற்றிச் சுற்றி ஏறும்படி நீராவி டிராம் போட்டார்கள். 1926இல் டிராம் போய், அந்தத் தடத்தில் கட்டணச் சாலை வந்தது. தண்டவாளத்துக்காக வெட்டிய தடம் என்பதால் சாலைக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. ஆல்ப்ஸ் மலைச்சாலையில் கொண்டை ஊசி வளைவு வரும், அங்கே இரண்டு மிதி ஓய்வு கிடைக்கும். இங்கே வளைவே கிடையாது, அல்லது முழுச் சாலையும் ஒரே வளைவு. கடைசி நான்கு கிலோமீட்டருக்கு ஏற்றம் ஏறக்குறைய 12 சதவீதத்தில் நின்றுவிடுகிறது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வானம். மலையைச் சுற்றிப் போவதால் முதுகில் தள்ளிய காற்று கொஞ்ச நேரத்தில் முகத்தில் அடிக்கும். எந்த கியரைத் தேர்ந்தெடுத்தீர்களோ அதிலேயே உச்சிவரை வெந்து சாக வேண்டியதுதான். நாங்கள் அதற்குத்தான் ஆசைப்படுகிறோம். இதற்கு மருந்து இல்லை.

1964 ஜூலை 12 அன்று இந்தச் சாலையில் நடந்ததைச் சைக்கிள் தெரிந்த யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் முன்னிலை வகிப்பவருக்குரிய மஞ்சள் சட்டையோடு இருந்த ஜாக் ஆன்க்தில் பாறைப் பக்கம், அவருடைய போட்டியாளர் ரேமோன் பூலிதோர் விளிம்புப் பக்கம், தோளும் முழங்கையும் இடிபட ஏறினார்கள். அன்று முதலில் வந்தவர் ஸ்பெயினின் ஹூலியோ ஹிமேனெஸ், ஆனால் படம் இருவருக்கும்தான் கிடைத்தது. கடைசி ஒரு கிலோமீட்டரில் ஆன்க்தில் பின்தங்கிப் பூலிதோரிடம் 42 வினாடி இழந்தார். கையில் மிஞ்சிய முன்னிலை 14 வினாடி. பாரிஸில் அவரே வென்றார், 55 வினாடி வித்தியாசத்தில்.

என் ஓட்டு என்னவோ 1969க்கு. அந்த ஆண்டு மொத்தப் பட்டியலில் கடைசி இடத்தில் இருந்த பியேர் மத்தீன்யோன் முன்கூட்டியே பிரிந்து போய் இந்த உச்சிக்கு முதல் ஆளாக வந்து சேர்ந்தார். பின்னால் துரத்தியவர் அந்த ஆண்டின் டூரையே வென்ற எடி மெர்க்ஸ்! மெர்க்ஸால் பிடிக்க முடியவில்லை. கடைசி ஆளையும் ஏற்றிவிட்ட சாலை இது. எங்களைப் போன்றவர்கள் அதைக் கேட்க வேறு என்ன தகுதி வேண்டும்?

1988க்குப் பிறகு டூர் இங்கே வரவில்லை. 2012இல் பற்சக்கர ரயில் வந்தபோது சாலையின் அகலத்தில் ஒரு பகுதியைத் தண்டவாளம் எடுத்துக்கொண்டது. மிச்சம் ஓர் ஒடுங்கிய தடம். நான் அந்த ரயிலுக்கு எதிரி இல்லை. கார்களும் பஸ்களும் ஏறி இறங்கிய மலையை அது அமைதியாக்கியது, 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் இந்த எரிமலை வரிசை சேர்ந்தபோது நானும் மகிழ்ந்தேன். ஆனால் ரயில் வருவதற்கு முன், குறிப்பிட்ட சில காலை வேளைகளில் சைக்கிள்களை மேலே விட்டுக்கொண்டிருந்தார்கள். காரோடு சேர்த்து அந்த வழக்கத்தையும் துடைத்துப் போட்டதுதான் எனக்கு விளங்கவில்லை.

2023 ஜூலை 9 அன்று டூர் திரும்பி வந்தது. 35 ஆண்டு இடைவெளிக்குப் பின் கனடாவின் மைக்கேல் வுட்ஸ் வென்றார். இடம் குறுகல், இயற்கையைக் காக்க வேண்டும் என்று சொல்லிக் கடைசி நான்கு கிலோமீட்டரில் பார்வையாளர்களை நீங்கள் விடவில்லை. சரியான முடிவு. 1975இல் இதே மலையில் ஒரு பார்வையாளர் மெர்க்ஸின் வயிற்றில் குத்தியதை நினைத்தால் கூட்டமே இல்லாத மலை எனக்கும் பிடிக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஒருவரையொருவர் முந்தத் துடித்து ஏறுவதற்குப் போதுமான அகலம், முந்துகிற எண்ணமே இல்லாத நாற்பது பேருக்குப் போதாது என்று எப்படிச் சொல்வது?

நியாயமான அச்சம் ஒன்று உண்டு: இறக்கம். 12 சதவீதச் சரிவில், தண்டவாளத்தை ஒட்டி, பனி ஈரத்தில் பிரேக்கை நம்பி இறங்குவது விளையாட்டல்ல. மேலிருந்து வருபவரும் கீழிருந்து ஏறுபவரும் அந்த ஒடுங்கிய தடத்தில் சந்தித்தால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். ஆகவே இறக்கத்தைக் கேட்கவில்லை. ஏறுவதை மட்டும் அனுமதியுங்கள். இறங்க உங்கள் ரயிலில் எங்களையும் சைக்கிளையும் ஏற்றிக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். காலையில் முதலில் ஏறும் ரயில் எப்படியும் கீழே திரும்ப வேண்டும், அந்த நேரத்தில் இறங்க ஆள் இருக்காது. டிக்கெட்டுக்குப் பணம் தருகிறோம். முன்பதிவு வையுங்கள், எண்ணிக்கைக்கு வரம்பு வையுங்கள், இடியோ மூடுபனியோ என்றால் அன்றைக்கு ரத்து செய்யுங்கள். அவசர ஊர்தி வந்தால் பாறையோடு ஒட்டி நிற்க வேண்டும் என்று கையெழுத்து வாங்குங்கள்.

மற்ற எரிமலைகளில் என்ன செய்கிறார்கள் என்றும் பார்க்கலாம். சிசிலியில் எட்னா இன்றும் புகைகிறது; ஆனாலும் சுமார் 1,900 மீட்டரில் உள்ள சாப்பியென்சா விடுதிவரை யாரும் சைக்கிளில் போகலாம். தெனெரிஃபில் தெய்தே அடிவாரச் சமவெளி, 2,100 மீட்டருக்கு மேலே, தொழில்முறை வீரர்களின் பயிற்சிக் கூடமாகவே ஆகிவிட்டது. ஹவாயில் ஹாலேயாகலா, கடல் மட்டத்திலிருந்து 3,055 மீட்டர். அங்கே உச்சியிலிருந்து சுற்றுலாப் பயணிகளைச் சைக்கிளில் உருட்டிவிடும் வணிகச் சுற்றுலாக்களில் மரணங்கள் நேர்ந்ததால், 2007இல் தேசியப் பூங்காவுக்குள் அவற்றை நிறுத்தினார்கள். தானாக மிதித்து ஏறுபவரைத் தடுக்கவில்லை. ஆபத்து எதில் என்று பார்த்து அதை மட்டும் வெட்டினார்கள். வெளிநாடே வேண்டாம், ஆல்ப்ஸில் சவுவா போன்ற மாவட்டங்கள் கோடையில் சில காலை நேரங்களுக்குக் கணவாய்ச் சாலைகளைக் காருக்கு மூடிச் சைக்கிளுக்கு ஒதுக்குகின்றன. நூறு நூற்றாண்டுகளுக்கும் மேலாகத் தூங்கும் மலை ஒன்றுதான் எங்களைக் கண்டு பயப்படுகிறது.

உங்கள் மலைக்கு இந்தப் பயம் பழக்கமும் இல்லை. 1648இல் விஞ்ஞானி பாஸ்கலின் மைத்துனர் ஃப்ளோரேன் பெரியே பாதரசக் குழாயைச் சுமந்துகொண்டு இதன் உச்சிக்கு ஏறினார், மேலே பாதரசம் எட்டு சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கியது, காற்றுக்கு எடை உண்டென்பதற்குச் சான்று கிடைத்தது. 1911இல் டயர் நிறுவனமான மிச்செலின் அறிவித்த பரிசுக்காக எஜேன் ரெனோ பாரிஸ் பக்கமிருந்து பறந்துவந்து விமானத்தை இதன் தலையிலேயே இறக்கினார். அதே மிச்செலின், இதே கிளெர்மோன் ஃபெரோனில், கழற்றி மாட்டும் சைக்கிள் டயரால்தான் 1891இல் பெயர் வாங்கியது. டிராம், கார், பஸ், விமானம், ரயில் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்ட உச்சிக்கு, டயர் நகரத்தின் சைக்கிள் மட்டும் ஆகாதாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு வேண்டுவது ஒரு சோதனைப் பருவம்தான். அடுத்த மே மாதம் தொடங்கி நான்கு வாரம், வாரத்துக்கு ஒரு காலை என்றுகூடத் தொடங்குங்கள். ரயில் ஓட்டுநர்களிடமும் தீயணைப்புப் படையிடமும் முதலில் கேளுங்கள். அவர்கள் சொல்லும் நிபந்தனை எதுவானாலும் படித்துப் பார்த்துப் பதில் தருகிறோம். இந்த விஷயத்தை மன்றத்தின் எந்த அமர்வில் எடுத்துக்கொள்வீர்கள் என்பதை மட்டும் எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
அடிவாரத் தடுப்புவரை வந்து திரும்பும் சைக்கிளோட்டிகளில் ஒருவர்